ஈராக்கின் மேன்டேட் காலம்: படிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழித்தடம்

1923-இல் வெளியான ஈராக் தபால்தலை ஒன்று என்னிடம் இருக்கிறது. பழுப்பு நிறம். டைகிரிஸ் ஆற்றில் வட்ட வட்டமான பரிசல்கள். அங்கே அதற்கு குஃபா என்று பெயர். ஒகேனக்கல் போய்வந்தவர்களுக்குப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிடும். விலை ஒரு அணா.

பாக்தாதில் கடிதத்துக்குத் தபால்தலை ஒட்ட ஏன் அணா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஈராக்கின் மேன்டேட் வரலாற்றுக்குள், அதாவது முதல் உலகப் போருக்குப் பின் ஈராக் பிரிட்டனின் பொறுப்பில் இருந்த காலத்துக்குள், போனேன். எங்கே தொடங்குவது என்று சொல்ல ஆள் இல்லாமல், கிடைத்ததையெல்லாம் முன்னும் பின்னுமாகப் படித்துக் குழம்பினேன். நீங்கள் அப்படி அலைய வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையில் போனால் ஒன்றிரண்டு மாதத்தில் அடித்தளம் கிடைத்துவிடும்.

தொடங்கும் முன் ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம், காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதற்கு. வலப்பக்கம், காசும் படையும் எண்ணெயும் உண்மையில் யார் கையில் இருந்தன என்பதற்கு. மேன்டேட் ஆட்சியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் படி: அந்தச் சொல்லைப் பிடியுங்கள்

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியிடமிருந்தும் துருக்கியர்களின் உஸ்மானியப் பேரரசிடமிருந்தும் பறிபோன நிலங்களை என்ன செய்வது என்பதுதான் 1919-இல் எழுந்த கேள்வி. வென்றவர்கள் நேரடியாகத் தங்கள் காலனிகளோடு சேர்த்துக்கொள்ள முடியவில்லை. அமெரிக்க அதிபர் வில்சன் மக்களின் விருப்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். உலகமும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதனால் பன்னாட்டுச் சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) சாசனத்தில் 22-ஆவது பிரிவு எழுதப்பட்டது. இந்த மக்கள் இன்றைய உலகின் கடினமான சூழலில் இன்னும் சொந்தக் காலில் நிற்க முடியாதவர்கள். அவர்களைப் பேணுவது நாகரிகத்தின் புனிதப் பொறுப்பு. முன்னேறிய நாடுகள் சங்கத்தின் சார்பில் அந்தப் பொறுப்பை ஏற்கும். சுருக்கமாக அந்தப் பிரிவு சொல்வது இதுதான். அப்படி ஒப்படைக்கப்பட்ட பொறுப்பாணைக்குத்தான் மேன்டேட் என்று பெயர்.

நம் ஊரில் ஜமீன் வாரிசு மைனராக இருந்தால் சொத்தை கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் நிர்வகித்ததே, அந்த எண்ணத்தின் சாயல் இதில் உண்டு. ஒரு வேறுபாட்டை மறக்க வேண்டாம். மைனர் எப்போது மேஜராவான் என்பதற்கு அங்கே வயதுக் கணக்கு இருந்தது. இங்கே எந்தத் தேதியும் இல்லை.

மேன்டேட்டுகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். உஸ்மானியர்களிடமிருந்து வந்த ஈராக், சிரியா, லெபனான், பாலஸ்தீனம் ஆகியவை ஏ வகை. தங்கனீக்கா, டோகோ, கேமரூன் போன்ற ஆப்பிரிக்கப் பகுதிகள் பி வகை. தென்மேற்கு ஆப்பிரிக்கா, சமோவா, நவுரு முதலியவை சி வகை. ஏ வகை நாடுகள் கிட்டத்தட்டத் தயார் நிலையில் இருப்பவை, நிர்வாக ஆலோசனையும் உதவியும் தந்தால் போதும் என்று சாசனமே சொல்கிறது. பொறுப்பேற்கும் நாட்டைத் தேர்ந்தெடுப்பதில் அந்த மக்களின் விருப்பம் முக்கியமாகக் கருதப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த இரண்டையும் நோட்டின் இடப்பக்கத்தில் முதல் வரியாக எழுதிவையுங்கள்.

இரண்டாம் படி: வரைபடத்தைக் கையால் வரையுங்கள்

அச்சிட்ட வரைபடத்தைப் பார்த்தால் போதாது, வரைய வேண்டும். டைகிரிஸ், யூப்ரடீஸ் இரண்டையும் போடுங்கள். தெற்கே இரண்டும் கூடும் இடத்துக்குக் கீழே பஸ்ரா, நடுவே பாக்தாத், வடக்கே மோசுல். உஸ்மானியர் காலத்தில் இவை மூன்று தனித்தனி மாகாணங்கள். தெற்கில் ஷியா அரபுகள், வடக்கு மலைகளில் குர்துகள், மோசுல் பக்கம் கிறிஸ்தவர்களும் யஸீதி என்ற தனிச் சமயத்தாரும், பாக்தாதில் பெரிய யூத சமூகம் என்று மக்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு பிரிட்டிஷ் படை வந்த பாதையை ஒரு கோடாக இழுங்கள். 1914 நவம்பரில் ஃபாவ் முனையில் இறங்கியது, அந்த மாதமே பஸ்ராவைப் பிடித்தது. அது இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட படை. தொடக்கத்தில் அதை நடத்தியதும் இந்திய அரசாங்கம்தான். 1915 டிசம்பரில் கூட் நகரில் முற்றுகையில் சிக்கியது. 1916 ஏப்ரல் 29 அன்று ஏறக்குறைய 13,000 பேர் சரணடைந்தார்கள், பெரும்பகுதி இந்தியர்கள். பலர் சிறைப் பயணத்திலேயே மாண்டார்கள். மறுபடி திரண்டு போன படை 1917 மார்ச் 11 அன்று பாக்தாதுக்குள் நுழைந்தது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினரும் இந்தப் போர்முனையில் இருந்தார்கள்.

இழுத்த கோடு மோசுலில் முடியும்போது தேதியைக் கவனியுங்கள். உஸ்மானியர்களுடனான போர்நிறுத்தம் 1918 அக்டோபர் 30 அன்று கையெழுத்தானது. மோசுல் நகருக்குள் பிரிட்டிஷ் படை போனது அதற்குப் பிறகு. பின்னால் துருக்கி இதை வைத்துத்தான் வழக்காடியது.

அணாவுக்கான பதிலும் இங்கேதான். படையோடு இந்திய ரூபாயும் வந்தது. கிளார்க்குகள் வந்தார்கள், சட்டம் வந்தது, இந்திய எல்லைப்புறத்துப் பழங்குடிகளுக்கு எழுதிய விதிமுறையை ஒட்டி ஈராக்கின் பழங்குடி வழக்குகளுக்கும் ஒரு விதிமுறை வந்தது. ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய் பஸ்ராக் கடைத்தெருவில் செல்லுபடியானது.

மூன்றாம் படி: வாக்குறுதிகளை அருகருகே வையுங்கள்

இந்தப் படியை விரைவாகக் கடக்கலாம், ஆனால் தாண்டிவிடக் கூடாது. 1915-16-இல் மக்காவின் ஆட்சியாளர் ஷரீஃப் ஹுசைனுக்கு எகிப்திலிருந்து பிரிட்டிஷ் உயர் அதிகாரி மக்மஹோன் எழுதிய கடிதங்கள் அரபு சுதந்திரத்தைப் பற்றிப் பேசின. அதே 1916-இல் பிரிட்டனின் சைக்ஸும் பிரான்சின் பிகோவும் அதே நிலத்தை பிரிட்டனுக்கும் பிரான்சுக்குமாகப் பிரித்துக் கோடு போட்டார்கள். 1917 மார்ச்சில் பாக்தாதைப் பிடித்த ஜெனரல் மாட் பெயரில் பாக்தாத் மக்களுக்கு ஓர் அறிக்கை வந்தது: நாங்கள் வெற்றியாளர்களாக வரவில்லை, விடுவிப்பவர்களாக வந்திருக்கிறோம் என்று. அதை எழுதிக்கொடுத்தவரும் சைக்ஸ்தான். 1920 ஏப்ரல் 25 அன்று இத்தாலியின் சான் ரெமோவில் கூடி, ஈராக்கும் பாலஸ்தீனமும் பிரிட்டனுக்கு, சிரியாவும் லெபனானும் பிரான்சுக்கு என்று முடிவு செய்தார்கள். மக்களின் விருப்பம் முக்கியமாகக் கருதப்பட வேண்டும் என்று எழுதிவைத்தீர்களே, அதற்கு நேர் எதிரே வலப்பக்கத்தில் சான் ரெமோவைக் குறியுங்கள்.

நான்காம் படி: 1920-க்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்

பல நூல்கள் இந்த ஆண்டை ஒரு பத்தியில் முடித்துவிடும். நீங்கள் அப்படி முடிக்காதீர்கள். மேன்டேட் என்றால் என்ன என்று அந்த மக்கள் புரிந்துகொண்ட விதம் இந்த ஆண்டில்தான் துலங்குகிறது.

சான் ரெமோ செய்தி மே மாதம் பாக்தாத் வந்து சேர்ந்தது. ரமலான் மாதம். ஷியாக்களும் சுன்னிகளும் ஒருவர் பள்ளிவாசலுக்கு ஒருவர் போய்ச் சேர்ந்து தொழுதார்கள். நபி பிறப்பைப் போற்றும் சுன்னி மவ்லிதும், கர்பலா தியாகத்தை நினைந்து அழும் ஷியா துக்கக் கூட்டமும் ஒரே இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. கவிதையும் மேடைப்பேச்சும் அதோடு கலந்தன. பாக்தாத் அப்படி ஒன்றைப் பார்த்துப் பழகியதில்லை. கர்பலாவில் முதுபெரும் மார்க்க அறிஞர் முஹம்மது தகீ ஷிராஸி போராட்டத்துக்குத் துணை நின்றார்.

ஜூன் 30 அன்று யூப்ரடீஸ் கரையில் ருமைதா என்ற சிற்றூரில் ஷஃலான் அபுல் ஜோன் என்ற ஷேக்கை, கடன் பாக்கி தொடர்பாகப் பிடித்து அடைத்தார்கள். பத்து தங்க லிரா அனுப்புங்கள் என்று அவர் ஊருக்குச் சொல்லியனுப்பியதாக ஈராக்கியர்கள் இன்றும் சொல்வார்கள். லிரா என்றால் ஆள். துப்பாக்கியோடு பத்துப் பேர் வந்து அவரை மீட்டுப் போனார்கள். அங்கிருந்து தீ பரவியது. ரயில் பாதைகள் பெயர்க்கப்பட்டன, காவல் நிலையங்கள் முற்றுகைக்குள்ளாயின, அக்டோபர் வரை போர். ஈராக்கியர்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்பது பரவலான மதிப்பீடு. பிரிட்டனுக்குச் செலவு சுமார் 4 கோடி பவுண்டு.

அடக்கப் போன துருப்புகள் பெரும்பாலும் இந்தியர்கள், கூடுதல் படையும் இந்தியாவிலிருந்தே போனது. இங்கே நம் வரலாறு குறுக்கே வருகிறது. அந்த ஆகஸ்டில் காந்தி கிலாஃபத் தலைவர் சௌகத் அலியோடு சென்னை வந்து கடற்கரையில் ஒத்துழையாமை பற்றிப் பேசினார். செப்டம்பரில் கல்கத்தா சிறப்பு மாநாட்டில் காங்கிரஸ் நிறைவேற்றிய ஒத்துழையாமைத் தீர்மானத்தில் பள்ளி, நீதிமன்றம், சட்டசபை என்ற வரிசையில் இன்னொன்றும் உண்டு: சிப்பாய்களும் கிளார்க்குகளும் கூலித் தொழிலாளர்களும் மெசபடோமியாவில் (ஈராக்கின் அன்றைய பெயர்) வேலை செய்ய ஆளெடுப்புக்குப் போகக் கூடாது. நம் பாடப்புத்தகத்தில் இந்த ஒரு வரி விடுபட்டுப்போவது எனக்கு இன்றும் வருத்தம்தான். யூப்ரடீஸ் கரையில் நடந்ததும் மெரினாவில் பேசப்பட்டதும் ஒரே கோடைக்காலத்துச் செய்திகள்.

ஐந்தாம் படி: அரசர் எப்படி வந்தார்?

4 கோடி பவுண்டு செலவான பிறகு, மலிவான வழி வேண்டும் என்று லண்டன் முடிவு செய்தது. 1921 மார்ச்சில் காலனிகள் துறை அமைச்சர் சர்ச்சில் கெய்ரோவில் ஒரு மாநாடு கூட்டினார். ஈராக்கில் பிரிட்டனின் தலைமை அதிகாரியான ஹை கமிஷனர் பெர்சி காக்ஸ், அவருடைய கீழைநாட்டுச் செயலர் கெர்ட்ரூட் பெல், ‘அரேபியாவின் லாரன்ஸ்’ எனப்பட்ட லாரன்ஸ் ஆகியோர் அங்கே இருந்தார்கள். ஷரீஃப் ஹுசைனின் மகன் ஃபைசலை அரசராக்குவது என்று தீர்மானித்தார்கள். ஃபைசல், மக்கா இருக்கும் ஹிஜாஸ் பகுதிக்காரர். 1920-இல் சில மாதங்கள் சிரியாவின் அரசராக இருந்து, பிரெஞ்சுப் படையால் துரத்தப்பட்டவர். ஈராக்கில் அவருக்கு வேர் கிடையாது.

உள்ளூரிலேயே போட்டியாளர் ஒருவர் இருந்தார்: பஸ்ராவின் சையித் தாலிப். பிரிட்டிஷ் அதிகாரிகள் ஃபைசலுக்குச் சாய்ந்தால் பழங்குடிகள் எழுவார்கள் என்று ஒரு விருந்தில் எச்சரித்தார். சில நாளில் காக்ஸின் மனைவி அவரைத் தேநீருக்கு அழைத்திருந்தார். தேநீர் முடிந்து வெளியே வந்தவரைக் கைது செய்து கப்பலேற்றினார்கள். எங்கே தெரியுமா? இலங்கைக்கு. அரேபியத் தலைவர்களை நாடுகடத்த இந்தியப் பெருங்கடலின் தீவுகள் பிரிட்டனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. எகிப்தின் உராபி பாஷா பல ஆண்டுகள் வாழ்ந்ததும் இலங்கையில்தான்.

பிறகு வாக்கெடுப்பு நடந்தது. 96 சதவீதம் ஃபைசலுக்கு ஆதரவு என்று அறிவித்தார்கள். கிர்கூக் எதிர்த்தது, சுலைமானியா கலந்துகொள்ளவே இல்லை. 1921 ஆகஸ்ட் 23 காலை பாக்தாதில் முடிசூட்டு விழா. ஈராக்குக்கு இன்னும் தேசிய கீதம் இல்லாததால் வாத்தியக் குழு பிரிட்டிஷ் மன்னருக்கான கீதத்தையே வாசித்தது. இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று நான் வெகுநேரம் யோசித்தேன். நடுக்கோட்டின் மேலேயே எழுதிவிட்டேன்.

ஃபைசலை வெறும் பொம்மை என்று ஒதுக்கிவிடாதீர்கள். தன்னை அமர்த்தியவர்களிடமே பேரம் பேசி, ஒவ்வொரு அங்குலமாகப் பிடுங்க முயன்றவர் அவர். அவர் நிலைமை எவ்வளவு நெருக்கடியானது என்பதற்கு 1922 ஆகஸ்டைப் பாருங்கள். முடிசூட்டு ஆண்டுவிழாவில் மேன்டேட் எதிர்ப்பு முழக்கம் எழுந்தது. அடுத்த நாட்களில் அரசர் குடல்வால் அழற்சியால் படுத்தார். அந்த இடைவெளியில் காக்ஸ் ஆட்சியைத் தன் கையில் எடுத்து எதிர்ப்பாளர்களைக் கைது செய்தார்.

ஆறாம் படி: ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள்

புதியவர்கள் அதிகம் இடறும் இடம் இது. மேன்டேட் என்ற சொல்லையே ஈராக்கியர்கள் வெறுத்ததால், அதே உறவை ஓர் ஒப்பந்தமாக மாற்றி எழுதினார்கள். 1922 அக்டோபர் 10 அன்று கையெழுத்து. ஈராக்குக்கென்று தயாரான மேன்டேட் வரைவு தனி ஆவணமாக அங்கீகரிக்கப்படவே இல்லை. இந்த ஒப்பந்தத்தைத்தான் 1924 செப்டம்பரில் பன்னாட்டுச் சங்கம் ஏற்றது. ஆகவே ‘ஈராக் மேன்டேட்’ என்ற தலைப்பில் மட்டும் ஆவணம் தேடினால் பாதி கிடைக்காது, ஒப்பந்தத்தையும் சேர்த்துத் தேடுங்கள்.

கிடைத்ததும் நேராக 4-ஆவது பிரிவுக்குப் போங்கள். பிரிட்டனின் சர்வதேசக் கடமைகளையும் நிதி நலன்களையும் தொடும் முக்கிய விஷயங்கள் அனைத்திலும் ஹை கமிஷனர் வழியாக வரும் ஆலோசனைப்படி நடக்க அரசர் இசைகிறார் என்று அது சொல்கிறது. ‘ஆலோசனை’ என்ற சொல்லின் முழு எடையும் இந்த ஒரு பிரிவில் இருக்கிறது.

இதை அங்கீகரிக்க அரசியல் நிர்ணய சபை வேண்டும். தேர்தலைப் புறக்கணிக்கும்படி ஷியா முஜ்தஹிதுகள், அதாவது மூத்த மார்க்க அறிஞர்கள், ஃபத்வா கொடுத்தார்கள். அவர்களில் மஹ்தி காலிஸி 1923-இல் நாடுகடத்தப்பட்டார். சபை ஒருவழியாகக் கூடியதும் வாதம் நீண்டுகொண்டே போனது. 1924 ஜூன் 10-க்குள் முடிக்க வேண்டும் என்று பிரிட்டன் கெடு விதித்தது. அன்றிரவு உறுப்பினர்களை வீடுகளிலிருந்து திரட்டி வந்து, நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் வாக்கெடுத்தார்கள். ஆதரவு 37, எதிர்ப்பு 24, நடுநிலை 8. நூறு பேர் கொண்ட சபையில் இவ்வளவுதான்.

ஏழாம் படி: வானத்தைப் பாருங்கள்

1922 அக்டோபரில் ஈராக்கின் பாதுகாப்புப் பொறுப்பு பிரிட்டிஷ் விமானப்படைக்குப் போனது. தரைப்படையை வைத்திருப்பதைவிட எட்டு விமானப் பிரிவுகளை வைத்திருப்பது மலிவு. வரி கட்டாத, ஆணைக்குப் பணியாத கிராமங்களின்மேல் குண்டு விழுந்தது. சுலைமானியாவில் தன்னைக் குர்திஸ்தானின் அரசராக அறிவித்துக்கொண்ட ஷேக் மஹ்மூதின் ஊர்களும் குண்டுவீச்சுக்கு ஆளாயின. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நகரங்கள்மீது குண்டுவீச்சை வழிநடத்திய ஆர்தர் ஹாரிஸ் இந்த ஆண்டுகளில் ஈராக்கில் ஒரு பிரிவின் தளபதி. புனிதப் பொறுப்பு என்ற சொல்லுக்கு எதிரே இதை எழுதும்போது என் கை தயங்கியது.

எட்டாம் படி: மோசுலும் எண்ணெயும்

இரண்டையும் சேர்த்தே படியுங்கள். மோசுல் தனக்கே என்றது துருக்கி. பன்னாட்டுச் சங்கம் ஸ்வீடன், ஹங்கேரி, பெல்ஜியம் நாட்டவர் மூவரை அனுப்பி விசாரித்து, 1925 டிசம்பரில் ஈராக்குக்குக் கொடுத்தது. குர்துகளுக்கு உஸ்மானியர்களுடனான 1920-இன் செவ்ர் ஒப்பந்தம் காட்டிய தன்னாட்சி ஆசை, துருக்கியுடனான 1923-இன் லோசான் ஒப்பந்தத்தில் காணாமல் போயிருந்தது. 1926-இல் துருக்கி இணங்கியது. எண்ணெய் வருவாயில் ஈராக் அரசுக்கு வரும் பங்கில் 10 சதவீதம் 25 ஆண்டுகளுக்கு என்பது அதற்கான ஈடு.

எண்ணெய் உரிமை அதற்கு முன்பே, 1925 மார்ச்சில், டர்கிஷ் பெட்ரோலியம் கம்பெனிக்குப் போய்விட்டது. ஈராக்குக்கு 20 சதவீதப் பங்கு வரை தரலாம் என்று சான் ரெமோவில் பேசியது அந்த உரிமத்தில் இல்லை. மோசுல் தீர்ப்பு இன்னும் வராத நேரம் அது. கையெழுத்திடாவிட்டால் மோசுல் என்னாகுமோ என்ற அச்சத்தில் ஈராக் அமைச்சர்கள் இருந்தார்கள். 1927 அக்டோபரில் கிர்கூக் அருகே பாபா குர்குரில் எண்ணெய் பீறிட்டது, அடக்கப் பல நாட்கள் பிடித்தன. கம்பெனியின் பங்குகள் பிரிட்டிஷ், டச்சு, பிரெஞ்சு, அமெரிக்கக் குழுக்களிடம். 5 சதவீதம் குல்பென்கியன் என்ற ஒரு தனி மனிதரிடம். ஈராக்கிடம் ஒன்றுமில்லை. இந்தப் பக்கத்தில் இடப்புறம் காலியாகவே இருக்கும், அப்படியே விடுங்கள்.

ஒன்பதாம் படி: 1929 முதல் 1933 வரை

1929 நவம்பர் 13 இரவு, பதவியில் இருந்த பிரதமர் அப்துல் முஹ்சின் சஃதூன் தன் வீட்டில் தற்கொலை செய்துகொண்டார். மகனுக்கு எழுதிய கடிதத்தில், மக்கள் தன்னிடம் சேவையை எதிர்பார்ப்பதையும், ஆங்கிலேயர்கள் அதற்கு இசையாததையும், தன் மக்களே தன்னைத் துரோகியாக நினைப்பதையும் சொல்லியிருந்தார். ஒப்பந்தத்தின் 4-ஆவது பிரிவை ஒரு மனிதன் உடம்பில் சுமந்தால் எப்படியிருக்கும் என்று அறிய அந்தச் சிறு கடிதத்தைப் படியுங்கள். பாக்தாதின் முக்கியச் சாலை ஒன்றுக்கு அவர் பெயர்.

1930 ஜூனில் புதிய ஒப்பந்தம்: சுதந்திரம் உண்டு, இரண்டு விமானத் தளங்கள் பிரிட்டனுக்கு, 25 ஆண்டு. ஜெனீவாவில், மேன்டேட்டுகளைக் கண்காணித்த நிரந்தர மேன்டேட் ஆணையம் சிறுபான்மையினரைப் பற்றிக் கேள்வி எழுப்பியது. ஈராக் தகுதியற்றதென்று தெரிந்தால் அதற்கான தார்மீகப் பொறுப்பு பிரிட்டனுடையது என்றார் ஹை கமிஷனர் ஹம்ஃப்ரிஸ். 1932 அக்டோபர் 3 அன்று ஈராக் சங்கத்தில் சேர்ந்தது, மேன்டேட்டிலிருந்து வெளிவந்த முதல் நாடாக. அடுத்த ஆகஸ்டில் வடக்கே சிமேலேயில் அசிரியக் கிறிஸ்தவர்களை ஈராக் இராணுவம் படுகொலை செய்தது. செப்டம்பரில் ஃபைசல் சுவிட்சர்லாந்தில் இறந்தார். பிரிட்டிஷ் படை 1941-இல் மீண்டும் பஸ்ராவில் இறங்கியது, அப்போதும் இந்தியாவிலிருந்துதான்.

1932 ஏப்ரலில் தினார் வந்து ரூபாய் போனது. ஒரு தினாருக்கு 13 ரூபாய் 5 அணா 4 பை என்று கணக்கு. பழைய தபால்தலைகளை வீணாக்காமல், அணா விலையின்மேல், தினாரின் சில்லறையான ஃபில்ஸ் என்று அச்சடித்து விற்றார்கள். அந்தத் தலைகளில் ஒன்று கிடைத்தால் பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

பத்தாம் படி: மூலங்களைத் தொடுங்கள்

காசு செலவில்லாமல் நிறையப் பார்க்கலாம். கெர்ட்ரூட் பெல்லின் கடிதங்களை நியூகாசில் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் வளைகுடா, மெசபடோமியா தொடர்பானவை கத்தார் டிஜிட்டல் நூலகத்தில் கிடைக்கும். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்புகளுக்கு அபிலேக் படல் தளம். பெல்லைப் படிக்கும்போது, மொழியின் அழகில் மயங்கி நோட்டின் வலப்பக்கத்தை மறந்துவிடாதீர்கள். ஈராக் அருங்காட்சியகத்தை நிறுவிய அதே கைதான் அதன் எல்லைகளை வரையவும் உதவியது.

கடைசியாக ஒரு கள வேலை. தமிழ்நாட்டின் பல கிராமங்களில், ‘இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள்’ என்று ஆங்கிலத்தில் பொறித்த சிறு கல் பலகை உண்டு. உங்கள் பக்கத்தில் இருந்தால் போய்ப் பாருங்கள், படமெடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்காகப் பஸ்ராவில் எழுப்பிய போர் நினைவிடத்திலும், இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே வெறும் எண்ணிக்கையாகத்தான் பொறித்தார்கள். ஊரில் வயதானவர்களிடம் கேளுங்கள். ‘மெசபடோமியா போன தாத்தா’ என்று யாராவது யாரையாவது சொல்லியிருந்தால், அந்தப் பெயரை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.